ஓடி ஒளிவது விசுவாசக் குறைவா?



 

இந்த மாதம் ஒரு கேள்வியோடு உங்கள் முன்பாக வருகிறேன். ஜெபத்துக்கு வருகிற சகோதரிகள் எல்லாரும் போனபிறகு, கடைசியாக நின்று, தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி இது.

"பாஸ்டர், ஒருத்தன் போன்ல விடாம தொந்தரவு பண்றான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் மெசேஜ் வருது. பிளாக் பண்ணினா வேற நம்பர்ல வர்றான். என் போட்டோவை எடுத்து அசிங்கமா மாத்திப் போட்டுடுவேன்னு மிரட்டுறான். நான் போலீசுக்குப் போனா அது விசுவாசக் குறைவா? கர்த்தர் பாத்துக்குவார்னு பொறுத்துக்கணுமா? மறு கன்னத்தைக் காட்டணும்னு ஆண்டவர் சொல்லியிருக்காரே?"

இது ஏதோ படித்த பிள்ளைகளின் டவுன் பிரச்சனை என்று தள்ளிவிட வேண்டாம். இன்றைக்குக் கிராமத்துச் சபையிலும் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. வாட்ஸ்அப் இருக்கிறது, பேஸ்புக் இருக்கிறது. முன்பெல்லாம் ஒருவன் ஒரு பெண்ணைத் துரத்த வேண்டுமானால் தெருமுனையில் நிற்க வேண்டும், பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும். நாலு பேர் பார்ப்பார்கள், கேட்பார்கள். இப்பொழுது அவன் தன் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டே அவளுடைய தலையணை வரைக்கும் வந்துவிடுகிறான். யார் என்றும் தெரிவதில்லை. கதவைத் தாழ்ப்பாள் போட்டும் பிரயோஜனமில்லை.

இந்தக் கேள்விக்கு நாம் தவறான பதில் சொன்னால் உயிர் போகும். 2016-ஆம் வருடம் ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில் ஒரு இளம்பெண். பட்டப்படிப்பு முடித்தவள். யாரோ ஒருவன் அவள் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி பேஸ்புக்கில் போட்டுவிட்டான். தகப்பன் போலீசில் புகார் கொடுத்தார். படம் உடனே நீங்கவில்லை. நாட்கள் ஓடின. மறுபடியும் ஒரு படம் வந்தது. அந்தப் பிள்ளை தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அவள் எழுதி வைத்த கடிதத்தின் சாரம் என்ன தெரியுமா? நான் யாருக்கும் படம் அனுப்பவில்லை, பெற்றவர்களே என்னை நம்பாதபோது நான் எதற்காக இருக்க வேண்டும் என்பதுதான்! பின்னால் போலீஸ் அதிகாரி மன்னிப்புக் கேட்டார். படம் போட்டவனும் பிடிபட்டான். ஆனால் பிள்ளை திரும்பி வரவில்லை.

கவனியுங்கள் பிரியமானவர்களே. படம் அவளைக் காயப்படுத்தியது உண்மை. ஆனால் கடைசியாக அவள் எழுதியது அந்தப் படத்தைப் பற்றி மட்டும் அல்ல. தன்னை நம்பாமல் போனவர்களைப் பற்றி. ஆகையால் இது துரத்துகிறவனைப் பற்றிய கேள்வி மாத்திரமல்ல, கூட இருக்கிற நம்மைப் பற்றிய கேள்வியும்கூட.

1. தாவீது ஓடினான்

வேதத்தில் துரத்தப்பட்ட மனுஷன் யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் தாவீது என்று சொல்லும். கோலியாத்துக்கு முன்பாக ஓடாதவன், சவுலுக்கு முன்பாக ஓடினான். மீகாள் அவனை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டாள் (1 சாமு. 19:12). குகைகளில் ஒளிந்தான், வனாந்தரத்தில் ஒளிந்தான். தாவீதுக்கு விசுவாசம் இல்லையா? அபிஷேகம் இல்லையா? இருந்தது. அபிஷேகம் பெற்றவனும் ஈட்டி பறந்து வரும்போது விலகத்தான் வேண்டும்! இரண்டுதரம் விலகினான் என்று வேதம் சொல்லுகிறது (1 சாமு. 18:11). "கர்த்தர் காப்பார்" என்று சொல்லிச் சுவரோடு சாய்ந்து நிற்கவில்லை.

நம்முடைய ஆண்டவரே கல்லெறிய வந்தவர்களுக்கு மறைந்து தேவாலயத்தை விட்டுப் போனார் (யோவான் 8:59). அவருடைய வேளை வந்தபோது சிலுவைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். வேளை வராதபோது விலகிப்போனார். பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினான் (அப். 9:25). விவேகி ஆபத்தை முன்னதாகக் கண்டு மறைந்துகொள்ளுகிறான் என்பது சாலொமோனின் ஞானம் (நீதி. 22:3). அப்படியானால், நம்பரை மாற்றுவதும், பிளாக் பண்ணுவதும், போட்டோவை எல்லாரும் பார்க்காதபடி அடைத்து வைப்பதும் அவிசுவாசம் அல்ல. தேவன் கொடுத்த புத்தியை உபயோகிப்பது.

இன்னொன்றையும் பாருங்கள். தாவீது ஒளிந்திருந்த இடத்தைச் சவுலுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? சீப் ஊரார் (1 சாமு. 23:19, 26:1). அவர்கள் ஈட்டி எறியவில்லை, கத்தி எடுக்கவில்லை. இடத்தை மட்டும் சொன்னார்கள். அவ்வளவுதான்! இன்றைக்கு நம் சபையிலும் சீப் ஊரார் உண்டு. "அந்த அக்கா நம்பர் இருக்கா?" என்று யாரோ கேட்டவுடன் யோசிக்காமல் அனுப்பிவிடுகிறவர்கள். ஒரு பிள்ளை எந்த ஆஸ்டலில் இருக்கிறாள், எத்தனை மணி பஸ்ஸில் வருகிறாள் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறவர்கள். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஒரு சகோதரியின் பெயர், ஊர், போன் நம்பர், குடும்பப் பிரச்சனை எல்லாவற்றையும் இருநூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறவர்கள். அந்த இருநூறு பேரும் பரிசுத்தவான்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்?

2. மறு கன்னம் என்பது என்ன?

ஆண்டவர் மறு கன்னத்தைக் காட்டச் சொன்னார், மெய்தான் (மத். 5:39). பழிக்குப் பழி வாங்காதே என்பது அதன் அர்த்தம். அடிக்கிறவன் செய்வது நியாயம் என்று ஒத்துக்கொள் என்பதல்ல. அந்த வார்த்தையைச் சொன்னவரையே பிரதான ஆசாரியனுடைய வீட்டில் ஒரு சேவகன் அறைந்தான். அவர் என்ன செய்தார்? நான் தப்பாய்ப் பேசினேன் என்றால் அதைக் காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று நேருக்கு நேர் கேட்டார் (யோவான் 18:23). திருப்பி அடிக்கவில்லை. ஆனால் மவுனமாயும் இருக்கவில்லை. அநியாயத்தை அநியாயம் என்று அவனுடைய முகத்துக்கு முன்பாகச் சொன்னார்.

பவுலைப் பாருங்கள். அப்போஸ்தலர் 23-ஆம் அதிகாரத்தில் ஒரு இரவு கர்த்தர் அவனருகே நின்று, எருசலேமில் சாட்சி சொன்னதுபோல ரோமாவிலும் சொல்லுவாய் என்று வாக்குத்தத்தம் கொடுத்தார். இதைவிடப் பெரிய பாதுகாப்பு உண்டா? மறுநாள் நாற்பது பேருக்கு அதிகமானவர்கள் அவனைக் கொல்லும்வரை சாப்பிடுவதில்லை என்று சபதம் போட்டார்கள். பவுலின் சகோதரி மகன் அதைக் கேள்விப்பட்டு ஓடிவந்து சொன்னான். பவுல், "தம்பி, கர்த்தர் நேற்று ராத்திரி வாக்குக் கொடுத்துவிட்டார், நீ வீட்டுக்குப் போ" என்றா சொன்னான்? இல்லை! அந்த வாலிபனை நேராக சேனாபதியிடம் அனுப்பினான். சேனாபதி அவன் கையைப் பிடித்துத் தனியே அழைத்துப்போய் விசாரித்தான். அன்று இரவே 200 போர்ச்சேவகர், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரர் காவலாகப் புறப்பட்டார்கள். வாக்குத்தத்தம் கொடுத்தவரும் கர்த்தர். அந்த 470 பேரை எழுப்பினவரும் கர்த்தர். அல்லேலூயா!

அதிகாரம் பட்டயத்தை வீணாகப் பிடித்திருக்கவில்லை என்று ரோமர் 13-ல் எழுதினவனும் இதே பவுல்தான். ஆகவே போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிப்பது விசுவாசத்தைவிட்டு விலகுவது ஆகாது. தீமை செய்கிறவனைத் தண்டிக்கத் தேவன் வைத்த வாசல் அது.

சிலர் 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டி, "விசுவாசி மேல் விசுவாசி வழக்குப் போடலாமா?" என்று கேட்பார்கள். துரத்துகிறவன் சபைக்காரனாக இருந்தால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். அங்கே பவுல் பேசுவது நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளக்கூடிய அற்பக் காரியங்களைப் பற்றி. பணத்தை விட்டுக்கொடுக்கலாம், நிலத்தை விட்டுக்கொடுக்கலாம். ஒரு பிள்ளையின் மானத்தையும் உயிரையும் விட்டுக்கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை. அதிலும், அதை விட்டுக்கொடு என்று வேறொருவன் அவளுக்குச் சொல்லவே முடியாது. என் கன்னத்தை நான் காட்டலாம். அடுத்தவள் கன்னத்தைக் காட்ட நான் யார்?

3. மன்னிப்பு வேறு, கதவைத் திறந்து வைப்பது வேறு

"மன்னித்துவிடு" என்று சொல்லுகிறோம். மன்னிக்கத்தான் வேண்டும். ஆனால் மன்னிப்பு எங்கே முடிகிறது என்று தாவீதிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள்.

சவுல் அழுதான். "நான் பாவம் செய்தேன், திரும்பி வா, இனி உனக்குத் தீங்கு செய்யமாட்டேன்" என்ற பொருள்பட வாக்குக் கொடுத்தான் (1 சாமு. 26:21). தாவீது என்ன செய்தான்? சவுலின் தலைமாட்டில் எடுத்த ஈட்டியைத் திரும்பக் கொடுத்தான். அதையும் கிட்டப்போய்க் கொடுக்கவில்லை. வாலிபரில் ஒருவன் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்றான். பிறகு அவன் தன் வழியே போனான், சவுல் தன் இடத்துக்குப் போனான். பழிவாங்கவில்லை, அதுதான் மன்னிப்பு. அரமனைக்குத் திரும்பவில்லை, அதுதான் விவேகம். இரண்டும் ஒரே மனுஷனுக்குள் இருந்தது.

அதற்கு முன்பு என்கேதியில் சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்து வைத்திருந்ததும், பின்பு ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக் காட்டினதும் எதற்கு? எல்லாருக்கும் முன்பாக உண்மை வெளிப்பட வேண்டும் என்பதற்குத்தான். அத்தாட்சி இல்லாமல் அவன் பேசவில்லை.

மத்தேயு 18-ன்படி தனியே போய்ப் பேசச் சொல்லலாமே என்பீர்கள். அந்த வசனம் சகோதரனை ஆதாயப்படுத்திக்கொள்ளக் கொடுக்கப்பட்டது. பயந்து நடுங்குகிற ஒரு பிள்ளையைத் துரத்துகிறவனிடத்தில் தனியாக அனுப்புவதற்குக் கொடுக்கப்பட்டதல்ல. அவள் ஏற்கனவே அவனிடத்தில் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. தனியே சொல்லும் படி அங்கேயே முடிந்துவிட்டது. அடுத்தது சாட்சிகளோடு போவதுதான்.

4. நெகேமியா பதில் சொன்ன விதம்

சரி, மெசேஜ் வருகிறது. என்ன செய்வது? நெகேமியா 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சன்பல்லாத்து "வா, சந்திப்போம்" என்று நாலுதரம் ஆள் அனுப்பினான். நெகேமியா நாலுதரமும் ஒரே பதிலைச் சொன்னான். விளக்கம் கூட்டவில்லை, வாக்குவாதம் பண்ணவில்லை, கெஞ்சவில்லை. ஐந்தாம் தரம் சன்பல்லாத்து முத்திரை போடாத கடிதத்தைக் கொடுத்தனுப்பினான். ஏன் முத்திரை போடவில்லை? வழியில் போகிறவன் வருகிறவன் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான். இன்றைக்கு ஊரறியப் பொய் எழுதிப் போடுகிறானே, அதே தந்திரம்! "எல்லாரும் சொல்லுகிறார்கள், இன்னார் சொல்லுகிறார்" என்று அதில் எழுதியிருந்தது. நெகேமியா ஒரே வரியில் மறுத்தான்: அப்படி ஒன்றும் நடக்கவில்லை, நீர் கற்பனை பண்ணுகிறீர் என்றான். கையைத் திடப்படுத்தும் என்று தேவனிடத்தில் ஜெபித்தான். அலங்கத்தைக் கட்டி முடித்தான்.

இதையே நம் நாட்டுச் சட்டமும் கேட்கிறது, ஆச்சரியம் பாருங்கள். 2012-ல் டெல்லியில் நடந்த அந்தக் கொடுமைக்குப் பிறகு, 2013-ல் பின்தொடர்தல் தனிக் குற்றமாக ஐ.பி.சி.யில் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவு. ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டின பிறகும் ஒருவன் திரும்பத் திரும்பத் தொடர்பு கொண்டால் குற்றம். அவள் இன்டர்நெட்டிலும் ஈமெயிலிலும் என்ன செய்கிறாள் என்று வேவு பார்த்தாலும் குற்றம். முதல் தரம் மூன்று வருடம் வரை சிறை, மறுபடியும் செய்தால் ஐந்து வருடம் வரை. ஆகவே, தெளிவாக ஒரு "வேண்டாம்". அது எழுத்தில் இருக்கட்டும். பிறகு மவுனம். "ஏண்டா இப்படிப் பண்றே" என்று தினமும் பதில் எழுதினால், அவனுக்கு வேண்டியதே அதுதான்.

செய்ய வேண்டியவைகளைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். வீட்டில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முதலாவது, கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். அழித்தால் அத்தாட்சி போயிற்று. மெசேஜ், நம்பர், அக்கவுண்ட் பெயர், அதன் லிங்க், தேதி, நேரம் எல்லாம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதி வையுங்கள். அந்தப் போனையும் மாற்றிவிடாமல் பத்திரமாக வையுங்கள். இதெல்லாம் ஆனபிறகு பிளாக் பண்ணுங்கள்.

இரண்டாவது, கதவுகளைச் சரிபாருங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பை வாட்ஸ்அப்பிலும் ஈமெயிலிலும் போட்டு வையுங்கள். உங்கள் வாட்ஸ்அப் வேறு எந்தக் கம்ப்யூட்டரிலாவது திறந்திருக்கிறதா என்று 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்தில் பாருங்கள். புரொஃபைல் படத்தை உங்கள் காண்டாக்ட்டில் இருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். லொகேஷன் யாருக்குப் போகிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். ஒருதரம் கொடுத்தால் மறுதரம் கேட்பான். பணம் போய்விட்டது என்றால் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்கள்.

நான்காவது, புகார் கொடுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற மத்திய அரசின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். மாவட்டத்தில் சைபர் கிரைம் போலீஸ் ஸ்டேஷன் உண்டு, மகளிர் போலீஸ் ஸ்டேஷன் உண்டு. "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப இப்போது சட்டத்தில் இடமில்லை. எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். பின்தொடர்தல் போன்ற குற்றங்களில் பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி பதிய வேண்டும். பெண்களுக்கு உதவி எண் 181, பிள்ளைகளுக்கு 1098, ஆபத்து நேரத்தில் 112.

ஐந்தாவது, படம் வெளியே போய்விட்டால் அந்தந்த கம்பெனிக்கே புகார் பண்ணுங்கள். 2021-ல் வந்த ஐ.டி. விதிகளே இப்படிப்பட்ட படங்களையும் மார்பிங் படங்களையும் நீக்க 24 மணி நேரம்தான் கெடு வைத்தன. படம் பரவாமல் தடுக்க ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. டாட் ஆர்க் என்ற இலவச உதவி உண்டு. உங்கள் படம் உங்கள் போனை விட்டுப் போகாது. அதன் அடையாளக் குறியீடு மட்டும் போகும். அதை வைத்து, இதில் சேர்ந்துள்ள கம்பெனிகள் தங்கள் தளங்களில் அந்தப் படத்தைத் தடுக்கும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டேக் இட் டவுன் என்று ஒன்று இருக்கிறது.

புகார் கொடுத்தால் ஒன்றும் நடக்காது என்று நினைக்க வேண்டாம். சென்னையில் ஒரு சகோதரிக்கு நடந்தது. தெரிந்த குடும்பத்து ஆள் ஒருவன் அவளை மணக்கக் கேட்டான். அவள் மறுத்தாள். அவன் அவள் பெயரிலேயே போலி ஈமெயில் திறந்து, இன்டர்நெட்டில் பொதுவான ஒரு இடத்தில் அவளைப் பற்றி ஆபாசமாய் எழுதினான். அவளுக்கு முன்பின் தெரியாத ஆட்களிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. 2004 பிப்ரவரியில் அவள் புகார் கொடுத்தாள். போலீஸ் அவனை மும்பையில் பிடித்தது. அதே வருடம் நவம்பர் 5-ஆம் தேதி எழும்பூர் நீதிமன்றம் அவனுக்கு இரண்டு வருடம் கடுங்காவல் கொடுத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் இந்தியாவிலேயே கிடைத்த முதல் தண்டனை அது. ஒரு பெண் வாயைத் திறந்ததினால் வந்தது!

5. "என்மேலும் தப்பு இருக்கே, பாஸ்டர்"

சிலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். "நானும் முதலில் பேசினேன். நானே படம் அனுப்பினேன். இப்போ எந்த முகத்தோடு வெளியே சொல்வேன்?" வாலிபத் தம்பிகளும் உண்டு. முன்பின் தெரியாதவள் வீடியோ காலில் வந்தாள், பதிவு பண்ணிவிட்டாள், இப்போது பணம் கேட்டு மிரட்டுகிறார்கள் என்று உள்ளுக்குள்ளே செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிரியமானவர்களே, இரண்டு காரியத்தைப் பிரித்துப் பாருங்கள். உன் பாவம் ஒன்று. அவன் குற்றம் இன்னொன்று. உன் பாவத்தை அறிக்கையிட வேண்டியது தேவனிடத்தில். அவர் மன்னிக்க உண்மையுள்ளவர். மிரட்டுகிறவனுக்கு நீ கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அவன் உனக்கு ஆசாரியன் அல்ல, நியாயாதிபதியும் அல்ல. விபசாரத்தில் பிடிபட்ட ஸ்திரீயைக் கொண்டுவந்து நடுவே நிறுத்தினவர்களை ஆண்டவர் முதலில் அனுப்பிவிட்டார். அவர்கள் போனபிறகுதான் அவளோடு பேசினார். கல் வைத்திருக்கிறவர்களுக்கு முன்பாக அவளை அவர் விசாரிக்கவில்லை. இந்த ஒழுங்கை நாம் மறந்துபோகிறோம். முதலில் கல்லைக் கீழே போட வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

மனம் உடைந்து, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், இப்பொழுதே யாரிடமாவது சொல்லுங்கள். எங்களிடம் சொல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேச ஆள் உண்டு. உங்கள் ஜீவன் அந்தப் படத்தைவிட விலையேறப்பெற்றது.

6. அப்சலோம் சொன்ன வார்த்தையைச் சபை சொல்லலாமா?

கடைசியாக, நமக்கு. 2 சாமுவேல் 13-ஆம் அதிகாரம் வாசிக்கக் கஷ்டமான அதிகாரம். அம்னோன் தாமார்மேல் "அன்பு" என்றான். அவள் வேண்டாம் என்று கெஞ்சினாள், நியாயம் சொன்னாள். அவன் கேட்கவில்லை. முடிந்தவுடன் அவன் அவளை வெறுத்த வெறுப்பு, முன்பு இருந்த அந்த ஆசையைவிடப் பெரிதாயிற்று. அதுவே அடையாளம். வேண்டாம் என்ற ஒரு வார்த்தையில் வெறுப்பாக மாறுமானால் அது முதலிலிருந்தே அன்பு அல்ல.

தாமார் சாம்பலைத் தலையில் போட்டு அழுதுகொண்டு போனாள். அவளுடைய அண்ணன் அப்சலோம் என்ன சொன்னான்? இப்போதைக்கு அடங்கியிரு, அவன் உன் அண்ணன்தானே, இதை மனதில் வைக்காதே என்றான். ராஜாவாகிய தாவீது கேள்விப்பட்டு மிகவும் கோபப்பட்டான். கோபப்பட்டான், ஆனால் நியாயம் செய்தான் என்று வேதத்தில் எழுதியில்லை! தாமார் பாழடைந்தவளாய் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டாள். இரண்டு வருடம் கழித்து அம்னோன் கொலையானான். பிறகு வீடே பற்றி எரிந்தது. நியாயம் செய்யாமல் அடக்கி வைத்த காரியம் அடங்கி இருக்கவில்லை.

நம் சபைகளில் இந்த அப்சலோமின் வார்த்தை எத்தனைதரம் கேட்கிறது! "சும்மா இரும்மா, ஊழியக்காரர் மகன்." "வெளியே தெரிஞ்சா சபை பேர் கெட்டுடும்." "கல்யாணம் ஆகாத பொண்ணு, உனக்குத்தான் கெட்ட பேரு." அதற்கு மேலே, "நீ ஏன் போட்டோ போட்டே? பொம்பளப் பிள்ளைக்கு பேஸ்புக் எதுக்கு?" தாவீது ராமாவுக்கு ஓடிவந்தபோது, சவுல் தனக்குச் செய்ததையெல்லாம் சாமுவேலிடம் சொன்னான் (1 சாமு. 19:18). "நீ ஏன் ராஜாவுக்குக் கோபமூட்டினாய்?" என்று சாமுவேல் கேட்டதாக எழுதியில்லை. அவனோடுகூடப் போய் நாயோதில் தங்கினான். ஒரு ஊழியக்காரனின் வேலை அதுதான். கூடப் போவது. ஸ்டேஷனுக்கும் கூடப் போவது.

விசாரிக்கவே வேண்டாமா என்றால், விசாரிக்க வேண்டும். போத்திபாரின் மனைவி யோசேப்பின் வஸ்திரத்தைக் காட்டினாள். வஸ்திரம் உண்மையிலேயே அவனுடையதுதான். அதை வைத்துச் சொன்ன கதைதான் பொய். இன்று வருகிற மார்பிங் படமும் அப்படியே. முகம் அவளுடையது, கதை பொய். போத்திபார் வஸ்திரத்தைப் பார்த்தவுடன் தீர்ப்புச் செய்தான். நாமும் ஒரு படத்தைப் பார்த்தவுடன் தீர்ப்புச் செய்கிறோம். அதை நாலு பேருக்கு ஃபார்வர்டும் பண்ணுகிறோம், "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி சேர்த்து! பொய்யான செய்தியைச் சுமந்துகொண்டு திரிய வேண்டாம் என்பது நியாயப்பிரமாணம் (யாத். 23:1). அப்படிப்பட்ட படம் உங்களுக்கு வந்தால், அது உங்கள் போனோடு நிற்கட்டும்.

சபைகள் இந்த நான்கு காரியத்தை உடனே செய்யலாம். சகோதரிகளின் நம்பரை போஸ்டரிலும் குரூப்பிலும் போடுவதை நிறுத்துங்கள். ஜெபக் குறிப்புகளை, ஒருவர் நம்பர் ஒருவருக்குத் தெரியாத பிராட்காஸ்ட் முறையில் அனுப்புங்கள். ஆராதனையை நேரலையாகக் காட்டும்போது, முகம் வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால் கேமராவைத் திருப்புங்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் தொந்தரவு என்று தெரிந்தால், 2012-ஆம் வருட போக்சோ சட்டப்படி அதைத் தெரிந்தவர்கள் புகார் செய்தே ஆக வேண்டும். போதகருக்கும் இதில் விலக்கு இல்லை.

நம் வாலிபத் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. விடாமல் பின்னாலே சுற்றினால் பெண் ஒருநாள் சம்மதிப்பாள் என்று சினிமா சொல்லிக்கொடுத்தது. அதைவிடப் பயங்கரமானது சபைக்குள் இருக்கிறது. "கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார், நீதான் என் மனைவி" என்று வசனத்தோடு மெசேஜ் அனுப்புகிறது. தம்பி, கர்த்தர் உனக்குப் பேசினது உண்மையானால் அவளுக்கும் பேச அவருக்குத் தெரியும். அவள் வேண்டாம் என்றால் அதோடு அது முடிந்தது. தேவனுடைய நாமத்தைத் துரத்துவதற்கு வண்டியாக்காதே. ரெபெக்காளையே அவளுடைய வீட்டார் அழைத்து, போக உனக்குச் சம்மதமா என்று கேட்டார்களே (ஆதி. 24:58)!

ஆகவே, கேட்ட சகோதரிக்கு என் பதில்: மகளே, ஓடி ஒளி, அது விசுவாசக் குறைவல்ல. போய்ப் புகார் கொடு; அது பழிவாங்குதல் அல்ல. உன் இருதயத்தில் மன்னி. ஆனால் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மன்னி. வெட்கம் உன்னுடையது அல்ல. துரத்துகிறவனுடையது அது.

ஜெபிப்போமா?

அன்பின் பரலோகப் பிதாவே, வெளியே சொல்ல முடியாமல் இரவிலே அழுகிற எங்கள் பிள்ளைகளை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். அவர்களுக்குப் பேசும் தைரியத்தைத் தாரும். பெற்றோருக்கு நம்பும் இருதயத்தைத் தாரும். அதிகாரிகளுக்கு நீதியின் ஆவியைத் தாரும். துரத்துகிறவர்களைத் தடுத்து நிறுத்தும், அவர்களும் மனந்திரும்பட்டும். எங்கள் சபை அப்சலோமின் வீடாயிராமல், நாயோதாக இருக்கக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.

மாரநாதா!